பளபளப்பு இன்ஜினுக்கு ஆகாது

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், தம்பி. ரீபோர் செய்துவந்த சிலிண்டரின் உட்சுவரில் குறுக்குமறுக்காகக் கீறல் தெரிகிறது, மெக்கானிக் கெடுத்துவிட்டார் என்றுதானே சந்தேகம்? கெடுக்கவில்லை. ஹோனிங் கல்லைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் ஓட்டி, வேண்டுமென்றே போட்டவை அவை.

வழவழப்பாக இருந்தால் உராய்வு குறையும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் எண்ணெய் தங்க இடம் வேண்டுமே. கண்ணாடி போல் மெருகேறிய சுவரில் பிஸ்டன் ரிங் எண்ணெயை வழித்துவிடும்; பிறகு இரும்போடு இரும்பு உரசும். சில மைக்ரான் ஆழக் கீறல் இருந்தால் அதில் எண்ணெய் தேங்கி நிற்கும். கீறலின் கூர்மேடுகளை மட்டும் நுண்கல்லால் மழித்து, பள்ளங்களை விட்டுவைப்பதும் உண்டு. அதுதான் பிளேட்டோ ஹோனிங். மேடு சுமை தாங்கும், பள்ளம் எண்ணெய் காக்கும். பள்ளம் அதிகமானால் எண்ணெய் எரிந்து புகையும்.

கீறலைப் போலவே, லேசரால் போடும் நுண்குழியும் உண்டு; என்னை அதிகம் வியக்கவைப்பது அதுதான். 1990களில் இஸ்ரேலின் ஹைஃபா நகரில், டெக்னியான் பேராசிரியர் இசாக் எட்சியான், பம்பில் கசிவைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீலின் முகத்தில் இப்படிக் குழிகள் போட்டு ஆராய்ந்தார். குழி சுமார் 100 மைக்ரான் அகலம், ஆழமோ சில மைக்ரான்தான்.

எதிர்முகம் நகரும்போது திரவமும் சேர்ந்து இழுபடும். குழியில் இடம் விரியும் பாதியில் அழுத்தம் இறங்கும், குறுகும் பாதியில் ஏறும். இரண்டும் கழிந்துபோக வேண்டுமல்லவா? போகாது. அழுத்தம் ஓரளவுக்கு மேல் இறங்க முடியாது. அங்கே திரவம் பிளந்து குமிழியாகிவிடும். ஏறும் அழுத்தத்துக்கு அப்படித் தடையில்லை. மிஞ்சும் அழுத்தம் இரண்டு முகங்களையும் விலக்கிப் பிடிக்கும். ஹாமில்டன், வாலோவிட், ஆலன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1966இலேயே இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார்கள். குழியைத் துல்லியமாகப் போடும் வேலைக்கு லேசர் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

அம்மி கொத்துகிறவர் அரைபடுவதற்காகக் குழி போடுகிறார். இங்கே குழி வழுக்குவதற்காக. ஆகவே கண்டபடி குழி போட்டால் பலன் கிடைக்காது. ஆழமும் அகலமும் தவறினால் உராய்வு கூடவும் செய்யும். லேசர் பட்ட விளிம்பில் உருகி உறைந்து நிற்கும் மேட்டையும் தேய்த்து எடுத்தாக வேண்டும்.

உங்கள் சிலிண்டருக்கு வருவோம். கீறலை எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். பூட்டுவதற்கு முன், வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாத அளவுக்குச் சோப்பு போட்டு வெந்நீரில் கழுவி, உடனே எண்ணெய் பூசச் சொல்லுங்கள். கீறலில் சிக்கிய கல்துகள் அப்படியே இருந்தால் ரிங்கைத் தேய்த்துத் தின்றுவிடும்.