லங்காஷயரில் ஒரு தோட்டத் துண்டு: கோடைத் தொடக்க நிலவரம்

நம் அங்கத்தினர்களில் ஒரு சாரார் தறியில் அமர்பவர்கள். மற்றொரு சாரார் மண்ணில் உழைப்பவர்கள். இவ்விரு தொழில்களையும் ஒரே குடும்பத்தினர் நடத்திவந்த பிரதேசங்களுள் இங்கிலாந்தின் வடபாகத்திலுள்ள லங்காஷயர் ஒன்றாகும். சில வருஷங்களாக இங்கு வசித்துவரும் நாங்கள், ஊருக்கு வெளியே ஒரு சிறு தோட்டத் துண்டைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டு வருகிறோம். இவ்வாண்டு ஜூன் முடிவு வரையில் அதன் நிலவரத்தை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய துண்டை இங்கே ‘அலாட்மெண்ட்’ என்று அழைக்கிறார்கள். முழுத் துண்டு ஒன்றின் வழக்கமான அளவு ஆறேகால் சென்ட். எங்களுடையது அதில் பாதி. கேட்போருக்குப் போதிய துண்டுகளை அளிப்பது உள்ளூராட்சியின் கடமை என்று 1908-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது. குடும்பத்தின் உணவுக்கான காய்கறிகளும் பழங்களுமே அதில் பிரதானமாயிருத்தல் வேண்டும் என்று 1922-ஆம் வருஷத்துச் சட்டம் வரையறுத்தது. ‘பிரதானமாக’ என்ற அந்தச் சொல்லின் நிழலில்தான் பூச்செடிகள் பிழைத்திருக்கின்றன. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டனில் சுமார் 14 லட்சம் துண்டுகள் இருந்தன. இன்று இருப்பவை சுமார் 3 லட்சமே. ஆகையால் ஒரு துண்டுக்காகப் பெயர் கொடுத்துவிட்டுப் பல வருஷங்கள் காத்திருப்போர் உண்டு.

சென்ற குளிர்காலத்தில் வீட்டில் நேர்ந்த நோயினால் நாங்கள் தோட்டத்தை எட்டிப் பார்க்கவில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. நிலத்தின் மேல்பாதி புல் மண்டிக் கிடப்பதாகவும், ஜூன் முடிவுக்குள் அதைத் திருத்திப் பயிர் வைக்காவிடில் குத்தகை ரத்தாகும் என்றும் அதில் கண்டிருந்தது. வரிசையில் காத்து நிற்போரை நினைத்தால் அக்கடிதத்தைக் குறை கூற நியாயமில்லை. ஆயினும் ஐந்து வருஷம் எருவிட்டுப் பண்படுத்திய மண் கைவிட்டுப் போகுமோ என்ற கவலை எங்களை உறங்கவிடவில்லை.

இங்குள்ள ‘கௌச்’ என்னும் புல் நம் அறுகைப் போன்றது. மண்ணுக்குள் வெள்ளை வேராய் ஓடும். விரலளவு துண்டு தங்கினாலும் மீண்டும் தழைக்கும். மண்வெட்டியால் வெட்டினால் ஒன்று பத்தாகும் என்பதால், முள்வாரியால் மண்ணைப் புரட்டி ஒவ்வொரு வேராகப் பொறுக்கி எடுத்தோம். மே மாத நடுவில் இருபது மூங்கில் கழிகளை நாட்டி, கொடி பீன்ஸ் நாற்றுக்களை நட்டோம். நான்காம் நாள் இரவு உறைபனி இறங்கியது. காலையில் சென்று பார்த்தபோது நாற்றுக்கள் யாவும் வெந்த கீரையைப் போல் துவண்டு கிடந்தன. உருளைக்கிழங்குச் செடிகளின் தலையும் கருகிவிட்டது.

பக்கத்துத் துண்டைப் பயிரிடுபவர் நூல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர். அவர் வேலியருகில் வந்து நின்று, “உருளையைப் பற்றிக் கவலை வேண்டாம். அது அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். பீன்ஸ் போனது போனதுதான். மே மாதம் முடியும்வரை அதை வெளியில் நம்பலாகாது என்பதை நானும் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன்” என்றார். மறுவாரம், தாம் கண்ணாடிக் கூரையின் கீழ் மிச்சமாக வைத்திருந்த பதினான்கு நாற்றுக்களைக் கொண்டுவந்து கொடுத்தார். எஞ்சிய கழிகளின் அடியில் விதையையே ஊன்றினோம்.

ஜூன் மாத நிலவரம் பின்வருமாறு: உருளைக்கு இருமுறை மண் அணைத்தாயிற்று, மாதத்தின் கடைசி வாரத்தில் முதற்செடியைப் பிடுங்கியதில் பதினொரு கிழங்குகள் கிடைத்தன. பிராட் பீன்ஸின் குருத்தில் கறுப்பு அசுவினி பற்றத் தொடங்கியது. கீழ்க்காய்கள் பிடித்தவுடன் நுனியைக் கிள்ளிவிட்டதால் பூச்சிக்கு இளந்தளிர் இல்லாமற் போயிற்று. காரட் பயிரைக் கலைத்துவிடும்போது எழும் வாசனை அதன் ஈயை அழைக்கும்; ஆகவே மாலையில் கலைத்து, சுற்றிலும் இரண்டடி உயரத்திற்கு வலை கட்டியிருக்கிறோம். முட்டைக்கோஸுக்குப் புறாவே சத்துரு. அதற்கும் வலைதான் காவல். இரவு ஒன்பதரை மணி வரையில் வெளிச்சம் இருப்பதால் வேலைக்குக் குறைவில்லை.

வரப்போரத்தில் ஸ்வீட் பீ என்னும் மணமுள்ள பூக்கொடி ஏறியிருக்கிறது. இரண்டு நாளுக்கொருமுறை பூவைப் பறித்தே ஆகவேண்டும். விட்டுவிட்டால் விதை பிடித்துப் பூப்பதை நிறுத்திவிடும். அதன் பக்கத்தில் பிங்க் என்னும் சிறு மலர்ச்செடி. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி நகரத்துக் கைத்தறி நெசவாளர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதன் பின்னரும், இதழோரம் சரிகைக்கரை போட்டாற்போன்ற பிங்க் வகைகளை உண்டாக்கிப் புகழ்பெற்றார்கள். லங்காஷயர் நெசவாளர்கள் ஆரிக்குலா என்னும் பூவை அவ்வாறே பேணினார்கள். தறி வீட்டிலேயே இருந்தமையால், இழை அறும் வேளையிலும் பாவு மாறும் வேளையிலும் எழுந்து சென்று செடியைப் பார்க்க அவர்களுக்கு முடிந்தது. நீராவி ஆலைகள் பெருகியபின் அந்த அவகாசம் போயிற்று.

இவ்விடத்தில் ஒரு செய்தி நம் கவனத்திற்குரியது. 1844-ஆம் வருஷம் இதே லங்காஷயரில், ராச்டேல் நகரில், கூட்டுறவுப் பண்டகசாலையைத் திறந்த முன்னோடிகளுள் நெசவாளர்களும் இருந்தார்கள். மாவும் வெண்ணெயும் விற்பது மட்டுமே அவர்கள் எண்ணமன்று. வேலையிழந்த அங்கத்தினரும் கூலி போதாத அங்கத்தினரும் பயிரிடுவதற்கென்று நிலம் வாங்கவேண்டும் அல்லது குத்தகைக்கு எடுக்கவேண்டும் என்பதையும் தங்கள் விதிகளில் எழுதிவைத்தார்கள். தறி நின்றாலும் அடுப்பு நிற்கலாகாது என்பதே அதன் கருத்து.

ஜூன் கடைசியில் இருவர் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். மேல்பாதியில் ஒரு மூலை இன்னும் புல்லாகவே இருந்தது. அதை நாங்கள் மறைக்கவில்லை. இலையுதிர் காலத்திற்குள் அதையும் திருத்தவேண்டும் என்று குறித்துக்கொண்டு, குத்தகை தொடரும் என்றார்கள். அன்று மாலையில் முதியவருக்குப் புதுக்கிழங்கு ஒரு கூடை கொண்டுசென்றோம். அவர் கிழங்கைப் பெற்றுக்கொண்டு, தம் பிங்க் செடியின் நுனிகள் சிலவற்றைக் கணுவோடு உருவி, மணலில் ஊன்றிவைக்கும்படி எங்களிடம் கொடுத்தார்.

நிலத்தைக் காப்பது சட்டமும் சங்கமும் என்பது மெய்யே. ஆனால் சட்டம் வேர் பொறுக்காது. சங்கம் உறைபனியைத் தடுக்காது. அவற்றிற்குக் கையும், அருகில் மிச்ச நாற்று வைத்திருக்கும் ஓர் அயலாரும் வேண்டும். அடுத்த வருஷம் நாங்களும் பதினான்கு நாற்றுக்கள் கூடுதலாக வளர்ப்பதென்று தீர்மானித்திருக்கிறோம்.