பட்டாளத்துக் கேலியும் கம்ப்யூட்டர் பாடமும்

டாக்குரியா, லேக் மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டினால் 'ஃபூ', 'பார்' என்ற இரு சொற்கள் அடிக்கடி கண்ணில் படும். ஏதோ பெரிய விஞ்ஞானச் சொற்கள் என்று மிரளுகிறவர்கள் உண்டு. பட்டாளத்துச் சிப்பாய்களின் கேலிப் பேச்சோடு உறவுடைய சொற்கள் இவை.

இரண்டாம் உலகப் போரின்போது கல்கத்தா நேசநாட்டுப் படைகளுக்குப் பெரிய தளம். டாக்குரியா ஏரிப் பகுதியிலும் ராணுவ முகாம் இருந்தது. சீனா, பர்மா, இந்தியா மூன்றும் அடங்கிய போர்முனைக்கு அமெரிக்கர் இட்ட பெயர் 'சி.பி.ஐ.' (இன்று நாம் அறிந்த சி.பி.ஐ. வேறு!) சிப்பாய்களோ அதே மூன்று எழுத்துக்கு 'கற்பனைக்கு எட்டாத குழப்பம்' என்று விரிவுரை சொன்னார்கள். மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமைக்கு, 1944-ல் கண்டிக்குப் போனதே அதற்கு, 'சீயாக்' என்று பெயர். 'இங்கிலாந்தின் ஆசியக் காலனிகளைக் காப்பாற்று' என்று அமெரிக்கர் அதைப் படித்தனர். அதில் உண்மை இல்லாமலில்லை.

மேலதிகாரியை எதிர்த்துப் பேச முடியாதவனுக்கு இது ஒரு வடிகால். ஆபீசில் வேலை பார்க்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'ஸ்னாஃபு' என்றால் 'நிலைமை வழக்கம்போல், எல்லாம் குளறுபடி'. 'ஃபூபார்' என்றால் 'அடையாளம் தெரியாத அளவுக்குப் பாழ்'. இரண்டிலும் ஒளிந்திருக்கும் அசல் வசைச் சொல் பத்திரிகையில் அச்சேறாது. 1943 முதல் 1945 வரை அமெரிக்க ராணுவமே 'பிரைவேட் ஸ்னாஃபு' என்ற கார்ட்டூன் படங்களைச் சிப்பாய்களுக்குக் காட்டியது என்பதுதான் வேடிக்கை.

'ஃபூ' மட்டும் போருக்கு முன்பே, 1930-களில் பில் ஹோல்மன் வரைந்த 'ஸ்மோக்கி ஸ்டோவர்' படக்கதையில் பொருளற்ற சொல்லாக உலவியது. பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரயில் பொம்மை ஓட்டிய மாணவர் சங்கம் 1959-ல் தொகுத்த சொற்பட்டியலில் ஏறியது. அச்சங்கத்தார் பலர் கம்ப்யூட்டர் பக்கம் போக, சொல்லும் கூடவே போயிற்று. பட்டாளத்து 'ஃபூபார்' சேர்ந்துகொண்டது. 'ஃபூ'வுக்குத் துணையாக 'பார்' நின்றது. இன்டர்நெட் விதி ஆவணங்களில் சுமார் 212-ல் இச்சொற்கள் வருவதாக, 2001 ஏப்ரல் 1 அன்று வெளியான ஓர் ஆவணம் கணக்குச் சொன்னது. முட்டாள்கள் தினமானாலும் விஷயம் மெய்தான்.

கம்ப்யூட்டரில் இவற்றுக்குத் தனிப் பொருள் கிடையாது. நம் இலக்கண உரையாசிரியர்கள் உதாரணத்துக்குச் சாத்தன், கொற்றன் என்று எழுதவில்லையா? அதே வேலைதான். இது தெரியாமல், பாடமே தலையில் ஏறவில்லை என்று சோர்ந்துபோகிற பிள்ளைக்கு யாராவது சொல்ல வேண்டும்: 'ஃபூ' வரும் இடமெல்லாம் 'சாத்தன்' என்று ஆங்கில எழுத்தில் மாற்றி அடித்தாலும் புரோகிராம் ஓடும்.