பரம்பரையலகும் அதன் அளவும்: பழ ஈயின் நுண் ஆர்.என்.ஏ. ஒன்று குறித்து

பரம்பரை என்னும் சொல் யாழ்ப்பாணத்து வழக்கில் வெறும் உயிரியற் சொல்லன்று. காணி, தொழில், கலியாணம், கோயில் உரிமை ஆகியவற்றைப் பிறப்போடு பிணைத்துப் பேசிப் பழகிய ஒரு சமூகத்தில், 'ஜீன்' என்பதனைப் பரம்பரையலகு எனத் தமிழ்ப்படுத்தியபோது, அப்பெயரோடு ஒரு கருத்தும் ஒட்டிக்கொண்டது: உள்ளிருப்பது வெளிப்பட்டே தீரும் என்பதே அது. பாடசாலை உயிரியல் மெண்டலின் பட்டாணிச் செடியோடு பெரும்பாலும் அமைந்துவிடுவதால் இவ்வெண்ணம் மேலும் உரம் பெறுகின்றது. ஆயின், ஒரு பரம்பரையலகு இருப்பது ஒன்று. அது எக்கலத்தில், எப்போது, எவ்வளவு செயற்படுகின்றது என்பது முற்றிலும் வேறொன்று. இந்த 'எவ்வளவு' என்பதனைத் தீர்மானிக்கும் மூலக்கூறுகளுள் ஒன்றையே இங்கு நோக்குகின்றோம்.

ஆய்வுக்கு உட்பட்ட உயிரி நமக்கு அந்நியமானதன்று. கள்ளுமுட்டியின் வாயிலும், கனிந்து புளிக்கத் தொடங்கிய கதலிக் குலையிலும் மொய்க்கும் சிற்றீக்கள் திரொசோபிலா வகையின. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைத் துளைத்து முட்டையிடும் ஈ வேறு குடும்பத்தது; ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் தமிழிலும் இவை மயங்குகின்றன. 1910 இல் மோர்கன் வெண்கண் விகாரத்தைக் கண்டறிந்த காலந்தொட்டுத் திரொசோபிலா பிறப்புரிமையியலாரின் கையை விட்டு அகலவில்லை. 25 பாகை செல்சியசில் ஏறத்தாழப் பத்து நாளில் ஒரு தலைமுறை நிறைவுறுவது அதற்கு ஒரு காரணம்.

நுண் ஆர்.என்.ஏ. முதலிற் கண்டறியப்பட்டது ஈயிலன்று, ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள வட்டப்புழுவில். 1993 இல் விக்டர் அம்புரோசு, கரி ருவ்குன் ஆகியோரின் ஆய்வுகூடங்கள் வெளியிட்ட முடிவுகள் புழுவுக்கே உரிய விநோதமாகப் பல்லாண்டுகள் கருதப்பட்டன. 2000 இல் 'லெட்-7' என்னும் மற்றொரு நுண் ஆர்.என்.ஏ. ஈயிலும் மனிதனிலும் காணப்பட்ட பின்னரே அறிவுலகம் விழித்துக்கொண்டது. நோபல் பரிசு இருவரையும் 2024 இலேயே வந்தடைந்தது.

இதன் தொழிற்பாடு எளிதில் விளங்கத்தக்கது. பரம்பரையலகிலிருந்து தூது ஆர்.என்.ஏ. பிரதிசெய்யப்பட்டு, குழியவுருவில் அதன்படி புரதம் தொகுக்கப்படுகின்றது. நுண் ஆர்.என்.ஏ. எந்தப் புரதத்தையும் ஆக்குவதில்லை. கொண்டையூசி போல மடிந்த ஒரு நீண்ட இழை கருவினுள் ஒரு நொதியத்தாலும் குழியவுருவில் மற்றொரு நொதியத்தாலும் வெட்டப்பட, ஏறத்தாழ 22 எழுத்துகள் கொண்ட துண்டு எஞ்சுகின்றது. ஆர்கொனோற்று என்னும் புரதத்தில் அமர்ந்து, தூதின் வாற்பகுதியில் தனக்கு இணையான எழுத்துக் கோவையைத் தேடிப் பற்றிக்கொள்கின்றது அத்துண்டு. பற்றப்பட்ட தூது சிதைகின்றது. அல்லது சிதையாமலே புரதமாக்கப்படாது தடைப்படுகின்றது.

நாம் எடுத்துக்கொண்ட 'மிர்-9ஏ' இவற்றுள் ஒன்று. அதன் எழுத்துக் கோவை ஈயிலும் மனிதனிலும் ஓரெழுத்தும் மாறாது உள்ளது. இவ்விரு வழிகளும் பிரிந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ஈக்குச் சிறகும் மனிதனுக்குக் கையுமாக உடலமைப்புகள் வேறுபட்டுச் சென்ற கூர்ப்பு வரலாற்றில், இச்சிறு கோவை மாறாது நின்றமை அதன் பணியின் இன்றியமையாமையைக் காட்டுகின்றது.

அப்பணியை 2006 இல் காவோ என்பாரும் உடனாய்வாளரும் வெளிப்படுத்தினர். ஈயின் உணர்மயிர் ஒவ்வொன்றும் ஒரு முன்னோடிக் கலத்திலிருந்து எழுகின்றது. அயற்கலங்களுக்கும் அவ்வாறாகும் ஆற்றல் உண்டு. எனினும் ஒன்றே தெரிவாகின்றது. தெரிவான கலத்தில் 'சென்ஸ்லெஸ்' என்னும் புரதம் மிகுகின்றது. ('உணர்வற்றது' என்பது பொருள். பரம்பரையலகு கெட்டபோது நேரும் குறையால் அதற்குப் பெயரிடுவது ஈ ஆய்வாளரின் விபரீதமான மரபு.) அயற்கலங்களில் மிர்-9ஏ இருந்து அப்புரதத்தை அடக்குகின்றது. மிர்-9ஏ அற்ற ஈக்களில் மிகையான மயிர்கள் தோன்றின. அது மிகைப்பட்டபோது மயிர்கள் பெரிதும் இல்லாதொழிந்தன.

இதனினும் சிந்தனைக்குரியது 2013 இல் வெளிவந்த கார்த்தியூ குழுவினரின் ஆய்வு. அவர்கள் பல தலைமுறை ஈக்களைத் தெரிந்து வளர்த்தனர். சென்ஸ்லெஸ் மீது மிர்-9ஏயின் கட்டுப்பாட்டைக் குறைத்தபோது, ஈக்களிடையே முன்னரே இருந்த பரம்பரை வேறுபாடுகள் உணர்மயிர்களின் எண்ணிக்கையில் கூடுதலாகப் புலப்பட்டன. கட்டுப்பாடு முழுமையாக இருந்தவிடத்து அவ்வேறுபாடுகளின் விளைவு தணிந்தே கிடந்தது. ஆகவே பரம்பரையாக வந்தது யாவும் உருவில் வெளிப்பட்டே தீரும் என்னும் கூற்று ஓர் ஈயின் மயிருக்குக்கூட முழுதும் பொருந்துவதில்லை. இதனை மனித சமத்துவத்துக்குரிய நிரூபணமாகக் கொள்ள முற்படுவோரும் உளர். மிர்-9ஏயும் பரம்பரையாக வருவதே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். சமத்துவத்துக்கு ஈயின் சான்று வேண்டியதில்லை. சாதிப் பெருமைக்கு உயிரியலைச் சான்று காட்டுவோர்க்கே இது மறுமொழியாகும்.

நமக்கு அண்மையில் நிகழ்ந்த ஆய்வொன்றும் உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உபேந்திர நொங்தொம்பாவின் குழுவினர் 2017 இல் ஈயின் பறப்புத் தசையில் மிர்-9ஏயை மிகைப்படுத்தினர். சிறகுகள் நிலைபிறழ, ஈக்கள் பறக்கும் ஆற்றலை இழந்தன. தசை அளவுமீறிச் சுருங்கிக் கட்டமைப்புக் குலைந்தது. கணிப்பொறிவழித் தேடலில் மிர்-9ஏயின் இலக்காகக்கூடியவையெனக் கிடைத்த 135 பரம்பரையலகுகளில் 27 தசை விருத்தியோடு தொடர்புடையவை. அவற்றுள் முதன்மையானது துரோப்போனின்-ரீ. நமது வைத்தியசாலைகளிலும் மாரடைப்பு ஐயுறப்படும்போது குருதியில் அளக்கப்படுவது துரோப்போனினே என்பதை வாசகர் அறிவர். மிர்-9ஏ மிகைப்பட்ட தசையில் இப்புரதம் குறைந்தது. ஆனால் அதன் தூது ஆர்.என்.ஏ. குறையவில்லை. தூது இருந்தும் புரதம் ஆக்கப்படவில்லை என்பது இதனாற் பெறப்படும். அடுத்து, மிர்-9ஏ பற்றிக்கொள்ளும் இடம் நீக்கப்பட்ட துரோப்போனின் பரம்பரையலகொன்றை ஈயிற் புகுத்தினர். குலைந்த தசை முழுமையாகச் சீருற்றது. மனித இதயத்திலும் இவ்வுறவு நிலவக்கூடும் என்பது அவர்கள் முன்வைத்த கருதுகோள். ஈயின் தசையிற் கிடைத்த சான்று அதற்கு வழிகாட்டுகின்றதேயன்றி அதனை நிறுவுவதாகாது.