தேனீ தன் வீட்டைக் காணும் விதம்

தேனீப் பெட்டியை நிழலுக்காகப் பத்து யார் தள்ளி வைத்தோம், மறுநாள் தேனீக்கள் பழைய இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பறந்தன என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெட்டி கண்ணெதிரே இருக்க, அவை ஏன் அங்கே போகவில்லை? தேனீயின் கண்ணைப் பற்றி அறிந்தால் காரணம் விளங்கும்.

தேனீயின் தலையின் இரு பக்கமும் உள்ளவை கூட்டுக்கண்கள். வேலைக்காரத் தேனீயின் ஒரு கண்ணில் ஏறக்குறைய 5,000 சிறு கண்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி வில்லை உண்டு. ஒரு பூவைத் தேனீ ஐயாயிரம் பூக்களாகக் காண்கிறது என்று சிலர் சொல்வது சரியல்ல. ஒவ்வொரு சிறு கண்ணும் தான் நோக்கும் திசையின் ஒளியை மட்டும் ஒரு புள்ளியாக வாங்குகிறது. பாயில் ஓலைகள் சேர்ந்து கோலமாவது போல, மூளையில் அப்புள்ளிகள் ஒரே காட்சியாகின்றன. அக்காட்சி எமது பார்வையைவிட மிக மங்கலானது.

ஆனால் அசைவை அறிவதில் தேனீ எம்மை விஞ்சிவிடும். செக்கனுக்கு அறுபது தடவைக்கு மேல் மினுங்கும் வெளிச்சம் எமக்குச் சீரான வெளிச்சமாகவே தெரியும். தேனீயோ ஏறக்குறைய 200 தடவை மினுங்கினாலும் பிரித்தறியும். மரமும் வேலியும் தன் கண்ணைக் கடந்து ஓடுவதைக் கொண்டே, பறந்த தூரத்தையும் அது கணிக்கிறது. சீனிவாசன் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. உட்சுவரில் கோலமிட்ட ஒடுங்கிய குழாய்ப் பாதையில் சில மீற்றரே பறந்த தேனீக்கள், கூட்டுக்குத் திரும்பி, நூறு மீற்றருக்கும் மேல் பறந்து வந்தது போல நடனமாடின!

நிறமும் தேனீக்குத் தெரியும். கார்ல் வொன் பிரிஷ், பல சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே ஒரு நீல அட்டையை வைத்து, அதில் சீனித் தண்ணீர் கொடுத்துப் பழக்கினார். பின்னர் வெறும் அட்டைகளை வைத்தபோதும் தேனீக்கள் நீலத்தையே நாடின. 1914இல் இதை அவர் வெளியிட்டார். சிவப்பு மட்டும் அவற்றுக்குக் கருமையாகத் தோன்றுகிறது. எமக்குத் தெரியாத புறஊதா ஒளியை அவை காண்கின்றன.

இனிப் பெட்டிக்கு வருவோம். முதன்முறை வெளியே வரும் தேனீ நேரே பறந்து போவதில்லை. வாசலை நோக்கித் திரும்பி, இடமும் வலமும் வளைந்து பறந்து, அருகிலுள்ள மரம், குடிசை, வேலி எல்லாவற்றையும் மனதில் பதிக்கிறது. அதற்கு வீடென்பது அந்த இடம், பெட்டியல்ல.

ஆகவே பெட்டியை மாற்றுவதானால் மூன்று அடிக்குள், அல்லது மூன்று மைலுக்கு அப்பால் என்பது தேனீ வளர்ப்போரின் பழைய கணக்கு. குடிபெயரும் குடும்பம் பெட்டியையும் கொண்டு போவதானால், இருட்டிய பின் எல்லாத் தேனீக்களும் உள்ளே வந்ததும், காற்றுப் போகும்படி வாசலை வலைத்துணியால் மூடிக் கொண்டு செல்லவேண்டும். தூரத்துப் புது இடத்தில் அவை மறுபடி பார்த்துப் பழகும். பல பெட்டிகளை அருகருகே வைப்போர் வாசலுக்கு மேலே ஒன்றில் நீலமும் மற்றதில் மஞ்சளும் பூசலாம். ஒன்றில் சிவப்பும் மற்றதில் கறுப்பும் பூசினால் பயனில்லை. புது இடத்தில் வாசலுக்கு முன்னே ஓர் இலைக் கிளையைச் சாத்திவிடுங்கள். வெளியே வரும் தேனீ தடங்கலைக் கண்டு, திரும்பிப் பார்த்துவிட்டே பறக்கும்.