உதிரிப் பாகம் தேடிய படலம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது அணுவைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அவற்றை என்னைவிட நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இக்கல்லூரியில் பலர் உண்டு. அரைத்த மாவையே நானும் அரைப்பானேன்? ஆகவே மாவு அரைக்கும் எந்திரத்தைப் பற்றியே எழுதத் துணிந்துவிட்டேன். நண்பர்கள் நகைக்க வேண்டாம். சென்ற ஐப்பசியில் அந்த எந்திரம் நின்றபோது, என் படிப்பும் அதனோடு நின்றுவிடுமோ என்று அஞ்சியவன் நான்.

எங்கள் வீட்டுக் கிரைண்டர் என்னைவிட மூன்று வயது மூத்தது. அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்தது. கருங்கல் தொட்டி, கருங்கல் குழவி, கீழே அரைக் குதிரைத்திறன் மோட்டார். அம்மா நாள்தோறும் மாலையில் அரைத்து, விடியற்காலையில் இருபது வீடுகளுக்கும் ஒரு சிற்றுண்டிக் கடைக்கும் மாவு கொடுக்கிறார். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார். அப்பாவின் கூலி அரிசிக்கும் வாடகைக்கும். அம்மாவின் மாவுக் காசு என் படிப்புக்கு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே.

அன்று மாலை சுவிட்சைப் போட்டதும் எந்திரம் 'உம்' என்று உறுமியது. தொட்டி சுற்றவில்லை. ஊறிய அரிசியும் உளுந்தும் வாளியில் காத்திருந்தன. அம்மா சுவிட்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, பிசிக்ஸ்தானே படிக்கறே? இதுக்கு என்னாச்சுன்னு கொஞ்சம் பாரு."

நான் பார்த்தேன்; பார்த்துக்கொண்டே நின்றேன். மின்தேக்கியின் சமன்பாட்டை முதலாண்டிலேயே மனப்பாடம் செய்தவன் நான். ஆனால் மோட்டாரின் பக்கத்தில் சிறிய டப்பாவைப் போல ஒட்டிக்கொண்டிருந்த பொருள்தான் அந்த மின்தேக்கி என்பது எனக்குத் தெரியவில்லை. அன்று ஏற்பட்ட வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மறுநாள் வந்த மெக்கானிக் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுக் கையை உதறினார். "இந்தக் கம்பெனியே இப்ப இல்லீங்க. ஸ்பேர் கிடைக்காது. பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்குங்க" என்றார். புதியது பதினைந்தாயிரத்துக்குக் குறையாது. தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்துத் தெருவில் காசு கொடுத்து அரைத்து வந்தார். லாபம் அந்தக் காசிலேயே போயிற்று.

கிரைண்டர் பிறந்த ஊரிலேயே போய்த் தேடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுத்து, திங்களன்று ஈரோட்டில் ரயில் ஏறினேன். மின்சாரத்தால் இயங்கும் மாவரைக்கும் கிரைண்டரை முதன்முதலில் செய்தவர் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி என்பர், ஆண்டு 1955. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. அவ்வூரின் ஆவாரம்பாளையம், கணபதி பக்கங்களில் கிரைண்டர் செய்யும் பட்டறைகள் மிகுதி. பெயர்ப்பலகையில் இருந்த முகவரியைத் தேடிப் போனேன். அங்கே இப்போது ஒரு மளிகைக் கடை இருந்தது.

அடுத்த தெருவில் ஒரு பட்டறை. முதியவர் ஒருவர் குழவிக்கு அச்சு பொருத்திக்கொண்டிருந்தார். என் கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீங்க கம்பெனி பேரைத் தேடறீங்க தம்பி. பாகத்தோட நம்பரைத் தேடுங்க. கம்பெனி செத்தாலும் நம்பர் சாகாது" என்றார்.

நான் வெறுங்கையோடு ஊர் திரும்பினேன். ஆனால் அந்த ஒரு சொல், பயணச் செலவுக்குப் பன்மடங்கு ஈடு.

அதன் பொருள் இதுதான். வீட்டுச் சாமான் ஒன்றின் மேல் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் பாகங்கள் எல்லாம் அந்த நிறுவனம் செய்தவை அல்ல. அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, உலகமெங்கும் ஒரே அளவில் செய்யப்படும் பாகங்கள்: பேரிங், பெல்ட், மின்தேக்கி, திருகு போன்றவை. இரண்டாம் வகை, ஒரு நிறுவனத்தின் பாகத்தைப் பார்த்துப் பிறர் செய்து விற்பவை: மிக்சி ஜாடியின் கப்ளர், வாஷர் போன்றவை. மூன்றாம் வகை, அந்த நிறுவனம் தனக்கென்றே வார்த்துக்கொண்டவை. இவை பழைய இரும்புக் கடையில் கிடைத்தால் உண்டு. இல்லையேல் லேத் பட்டறையில்தான் வழி பிறக்க வேண்டும். ஒரு பாகம் எந்த வகை என்று அறிந்துவிட்டால் தேடும் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனைத் துணைக்கு அழைத்து, இணைப்பைப் பிடுங்கிவிட்டு எந்திரத்தைப் பிரித்தோம். நான்கு கோளாறுகள் இருந்தன.

முதலாவது மின்தேக்கி. கடையில் இதைக் 'கண்டென்சர்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். வீட்டுக்கு வரும் ஒற்றைத் தறுவாய் மின்சாரம் மோட்டாருக்குள் உண்டாக்கும் காந்தப் புலம் கூடிக் குறையுமே தவிரச் சுழலாது. அதனால் மோட்டார் தானாகப் புறப்படாது. இரண்டாவதாக ஒரு சுற்றுக் கம்பியை வைத்து, அதில் மின்தேக்கி வழியே மின்னோட்டத்தைச் சற்று முந்தச் செய்தால் சுழலும் புலம் கிடைக்கிறது. மின்தேக்கி தளர்ந்தால் மோட்டார் உறுமும், ஆனால் புறப்படாது. அப்படியே விட்டுவைத்தால் காயில் கருகிவிடும். அன்று அம்மா உடனே சுவிட்சை அணைத்தாரே, அதுதான் மோட்டாரைக் காப்பாற்றியது. எங்கள் மின்தேக்கியின் மேல் 12.5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. நம் ஆய்வகத்தில் அளந்தபோது 4 மைக்ரோ ஃபாரட்டே காட்டியது. புதிதாக வாங்கும்போது ஃபாரட் அளவு அதேயாக இருக்க வேண்டும்; வோல்ட் அளவு அதேயாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. புறப்படும்போது மட்டும் வேலை செய்யும் மின்தேக்கி வேறு, ஓடும்போதெல்லாம் இணைப்பில் இருக்கும் மின்தேக்கி வேறு. ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். பழகாதவர் கை வைக்க வேண்டாம்.

இரண்டாவது பேரிங். தொட்டியின் அச்சைத் தாங்கும் இரண்டும் துருவேறிக் கரகரத்தன. முகத்தில் இருந்த எண் பாதி அழிந்து 62 என்பது மட்டும் தெரிந்தது. பேராசிரியரிடம் அனுமதி பெற்று ஆய்வக வெர்னியரால் அளந்தேன். உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, தடிமன் 14. பேரிங் 6204 என்று முடிவாயிற்று. இந்த எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. 6 என்பது ஆழ்ந்த பள்ளமுடைய ஒற்றை வரிசைக் குண்டு பேரிங். 2 என்பது பருமன் வரிசை. கடைசி இரண்டு இலக்கம் 04 ஆனால் அதை 5ஆல் பெருக்க 20 மில்லிமீட்டர் உள்விட்டம். 05 ஆனால் 25. தொடக்கத்தில் உள்ள நான்கு மட்டும் விதிவிலக்கு: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. ஸ்வீடனில் செய்தாலும் ஜப்பானில் செய்தாலும் நம் நாட்டில் செய்தாலும் 6204 என்பதன் அளவு இதுவே. எண்ணின் பின்னால் 'இசட்இசட்' என்றிருந்தால் இருபுறமும் தகட்டு மூடி. '2ஆர்எஸ்' என்றிருந்தால் ரப்பர் மூடி. தண்ணீர் புழங்கும் கிரைண்டருக்கு ரப்பர் மூடியே ஏற்றது.

மூன்றாவது பெல்ட். இங்கேதான் நான் சறுக்கினேன். பழைய பெல்ட்டில் எண் தேய்ந்து போயிருந்தது. மேற்புற அகலம் 13 மில்லிமீட்டர் இருந்ததால் அது 'ஏ' வகை என்று சரியாகவே கண்டேன். பிறகு பெல்ட்டின் வெளிப்புறமாக நூலைச் சுற்றி அளந்தேன். 45 அங்குலம் வந்தது. 'ஏ 45' வாங்கி மாட்டினேன். தொளதொளவென்று தொங்கியது. கடைக்காரர் விளக்கினார்: பெல்ட்டின் எண் உட்புறச் சுற்றளவைக் குறிப்பது, 'ஏ' வகையில் வெளிச்சுற்று ஏறத்தாழ 2 அங்குலம் கூடுதலாக இருக்கும். எனக்கு வேண்டியது 'ஏ 43'. மாட்டிக் கழற்றிய பெல்ட்டைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் மீது குற்றமில்லை. 160 ரூபாய் என் அவசரத்துக்குக் கட்டிய அபராதம்.

நான்காவது, தொட்டி அச்சில் இருக்கும் பெரிய புல்லி. அதன் நடுத்துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. இது மூன்றாம் வகைப் பாகம். அந்த நிறுவனம் தானே வார்த்தது. எண் கிடையாது, கடையிலும் கிடையாது. லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். அவர் துளையைச் சற்றே பெரிதாகக் கடைந்து, உள்ளே ஒரு புஷ்ஷை இறுக்கி, அதை அச்சின் அளவுக்குக் கடைந்து, சாவி உட்காரும் காடியையும் வெட்டிக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவர் கைமுடிவில் வந்த துல்லியத்தை என் வெர்னியர் பொய்ப்பிக்க முடியவில்லை.

மொத்தச் செலவு: மின்தேக்கி 110, பேரிங் இரண்டு 440, பெல்ட் இரண்டு 320, லேத் 350, எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு 300. ஆக, 1,520 ரூபாய்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று பின்னர் எண்ணிப் பார்த்தேன். ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் திருகுக்குத் தானே ஓர் அளவு வைத்திருந்தது. ஒருவர் செய்த மரை இன்னொருவர் செய்த திருகில் ஏறாது. 1841ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் விட்வொர்த் என்பவர், திருகுப் புரிகளுக்கு நாடெங்கும் ஒரே அளவு வேண்டும் என்று முன்மொழிந்தார். அந்தப் பொது அளவு என்னும் எண்ணமே பின்னாளில் பேரிங்குக்கும் பெல்ட்டுக்கும் பரவியது. எங்கோ என்றோ அமர்ந்து சிலர் செய்துகொண்ட உடன்பாடு, என் அம்மாவின் கிரைண்டரைக் காப்பாற்றியிருக்கிறது!

ஆனால் எல்லாச் சாமான்களுக்கும் இந்த நற்பேறு இல்லை. பிரிக்க முடியாதபடி ஒட்டி வைத்தவையும், தமக்கென்றே தனி மின்சுற்றுப் பலகை கொண்டவையும் இன்று பெருகிவிட்டன. அங்கே எண்ணைப் படித்துப் பயனில்லை. தயாரித்தவர் பாகம் தந்தால்தான் உண்டு. இதனால்தான் பல நாடுகளில் 'பழுது பார்க்கும் உரிமை' பேசப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பின்னும் துணி துவைக்கும் எந்திரத்தின் முக்கிய உதிரிப் பாகங்கள் 10 ஆண்டுகளும், குளிர்பதனப் பெட்டியின் பாகங்கள் 7 ஆண்டுகளும் கிடைக்கச் செய்ய வேண்டும். நம் மைய அரசின் நுகர்வோர் நலத் துறையும் 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் விலையில்லாமல் வந்த மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் நம்மில் பலர் வீட்டில் இன்றும் உள்ளன. அவற்றுக்கும் வயதாகிவிட்டது. ஒன்று நின்றுவிட்டால் உடனே எடைக்குப் போட வேண்டாம். பெயர்ப்பலகையையும் பாகங்களில் உள்ள எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிரிக்குமுன் எது எங்கே இருந்தது என்று படம் வரைந்துகொள்ளுங்கள். பழைய பாகத்தையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மின்சாரம் தொடர்பான வேலைக்குத் தெரிந்தவரை அழையுங்கள்.

கிரைண்டர் சுற்றத் தொடங்கிய அன்று அம்மா என்னைப் புகழவில்லை. தொட்டியைக் கழுவி அரிசியைப் போட்டுவிட்டு, "மேல வீட்டு அக்கா மிக்சியும் ஓடலையாம், நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வா கண்ணு" என்றார். தேர்வுக் கட்டணத்தைக் கடைசி நாளுக்கு முதல் நாள் கட்டினேன். அந்த மிக்சியில் தேய்ந்திருந்தது கார்பன் பிரஷ் மட்டுமே.