கையளவு ஆய்வுகூடம் – 6: வட்டையில் இரண்டு போன்கள்

2020 மார்ச்சில் பாடசாலைகளெல்லாம் மூடப்பட்டபோது, எங்கள் ஊர் சவளக்கடைப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடம் வாப்பாவின் போனுக்குள் வந்து சேர்ந்தது. ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் குறிப்பு அனுப்பினார்கள். பிள்ளைகள் கொப்பியில் பார்த்து எழுதினார்கள். அந்த நேரத்தில் வேறு வழி இருக்கவில்லை. தங்கள் சொந்த டேட்டாவைச் செலவழித்துச் செய்த அந்த ஆசிரியர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் பாடசாலை திறந்து இத்தனை காலமான பிறகும் போனைக் குறிப்புப் பெட்டியாகவே வைத்திருக்கிறோமே, அதுதான் மனசுக்கு ஆறவில்லை.

போன் ஓர் அளவுகருவி. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டையொட்டி 'பாம்' என்ற கையடக்கக் கணினியில் உணரிகளைப் பொருத்தி, பிள்ளைகளை ஓடைக்கரைக்கு அனுப்பி நீரை அளக்கச் சொன்னார்கள். இன்றைய போனுக்குள் எத்தனையோ உணரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஜெர்மனியின் ஆஹன் நகரப் பல்கலைக்கழகம் ஒன்று 2016இல் வெளியிட்ட 'ஃபைஃபொக்ஸ்' என்ற இலவசச் செயலி அவற்றைப் பிள்ளைகளின் கைக்குத் தருகிறது.

அதில் ஒலியால் இயங்கும் நிறுத்தற்கடிகாரம் ஒன்று உண்டு. மலிவான போனிலும் இது வேலை செய்யும். மைக் இருந்தால் போதும். வயல் வட்டையில் 10 மீற்றர் இடைவெளி விட்டு இரண்டு போன்களை வையுங்கள். முதல் போனருகே நிற்கும் பிள்ளை கை தட்டட்டும். அந்தப் போனின் கடிகாரம் உடனே ஓடத் தொடங்கும். மற்றது ஒலி வந்து சேர்ந்த பிறகே தொடங்கும். அடுத்து இரண்டாவது போனருகே நிற்கும் பிள்ளை தட்டட்டும். இப்போது அந்தக் கடிகாரம் முதலில் நிற்கும். முதலாவது பிந்தி நிற்கும். இரண்டு வாசிப்புகளின் வித்தியாசம், ஒலி போகவும் வரவுமாக 20 மீற்றர் கடக்க எடுத்த நேரம். ஏறத்தாழ 0.057 செக்கன் வரும். வகுத்துப் பார்த்தால் செக்கனுக்கு 350 மீற்றர் அளவில் நிற்கும்.

பிள்ளை உடனே கேட்கும்: "சேர், நாங்க பாடமாக்கினது 330 தானே?" அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு பாடும். 330 என்பது 0 பாகை செல்சியஸ் குளிருக்கு உரிய கணக்கு. நம் ஊரின் 30 பாகை வெயிலில் ஒலி செக்கனுக்கு 349 மீற்றர் ஓடுகிறது. கச்சான் காற்று அடித்தாலும் கவலையில்லை. ஒலி ஒருதரம் காற்றோடும் மறுதரம் எதிர்க்காற்றிலும் போவதால், கூடியதும் குறைந்ததும் கிட்டத்தட்டச் சரியாகிவிடும்.

ஒருதரம் அளந்து விட்டுவிடக் கூடாது. 0.001 செக்கன் பிசகினாலே விடை 6 மீற்றர் மாறும். பத்துத் தரம் அளந்து சராசரி எடுக்க வேண்டும். சராசரி எதற்கு என்று தரம் 10 பிள்ளைக்கு இதைவிட எப்படி விளக்குவது? என் அனுபவத்தில் வேறு வழி இல்லை.

பிள்ளைகள் பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்ற விதியை நான் குறை சொல்லவில்லை. இரண்டு ஆசிரியர்களின் போன்கள் போதும். மாரி வந்து கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்வதற்கு முன், சிறுபோகம் அறுத்த வட்டை காய்ந்து கிடக்கும் நாட்களிலேயே, ஓர் அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், சேர்.