முதல் ஆயிரம் நாள் – 9: எந்த டாக்டரிடம் காட்டுவது?

வயிற்றில் இருக்கும்போதே குழந்தையின் வளர்ச்சி எப்படித் தடைப்படுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாதது, தாயின் ரத்த அழுத்தம், ரத்தசோகை, தொற்று, மரபணுக் கோளாறு என்று காரணங்கள் பல. இந்த வாரம் பிரசவத்துக்குப் பிந்தைய கதை. கருவில் இருந்த வாரக் கணக்குக்கு ஏற்ற எடை இல்லாமல் பிறக்கும் குழந்தையை மருத்துவர்கள் 'எஸ்.ஜி.ஏ.' என்று குறிக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் பெற்றோர் கேட்பது, "இதுக்கு ஸ்பெஷலிஸ்ட் யாரு?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால், அதற்கு ஒற்றைப் பெயரில் பதில் கிடையாது. இதயத்தில் ஓட்டை என்றால் இதய மருத்துவர், கண்புரை என்றால் கண் மருத்துவர். எஸ்.ஜி.ஏ. என்பது ஓர் அளவு மட்டுமே. அதன் பின்னால் எந்தக் காரணமும் இருக்கலாம். பெரிய காரணம் எதுவும் இல்லாமலும் போகலாம். எந்த நிபுணர், எந்த வயதில் தேவை என்பதைக் குழந்தையின் வளர்ச்சிப் பதிவுதான் சொல்லும். ஆகவே அந்தப் பதிவை விடாமல் எழுதிவரும் ஒரு குழந்தை மருத்துவரை முதலில் பிடிக்க வேண்டும், பெரிய பெயர்களைத் தேடுவது அதற்குப் பிறகு என்பதுதான் என் வாதம்.

முதலில் குழந்தை எஸ்.ஜி.ஏ.தானா என்பதே உறுதியாக வேண்டும். பிறந்த எடை 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எல்லோருக்கும் தெரிந்த எண் இது. எஸ்.ஜி.ஏ.யைக் கண்டுபிடிக்க இந்த எண் போதாது. 34 வாரத்தில் 2,100 கிராமோடு பிறக்கும் குழந்தை அந்த வாரத்துக்கு உரிய எடையோடுதான் பிறந்திருக்கிறது. அதற்கு இருப்பது குறைமாதப் பிரச்சினை. 40 வாரம் நிறைந்து 2,600 கிராமில் பிறக்கும் குழந்தையோ 2,500-ஐத் தாண்டிவிட்டதால் 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பப்படக்கூடும். உண்மையில் எஸ்.ஜி.ஏ. இந்தக் குழந்தைதான். அதே வாரத்தில் பிறந்த நூறு குழந்தைகளை எடைப்படி வரிசையில் வைத்தால் கடைசிப் பத்துக்குள் வருவதே பொதுவான வரையறை. இந்தக் கணக்குக்கு எடையைவிட வாரம்தான் முக்கியம். கடைசி மாதவிடாய்த் தேதி சரியாக நினைவில்லாவிட்டால், முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன்தான் நம்பகமான சாட்சி. பிரசவம் முடிந்ததும் பழைய காகிதம் என்று அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். நாலு வருஷம் கழித்துப் பார்க்கப்போகும் எந்த நிபுணரும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அடுத்தது, நாள் கடந்தால் திரும்பக் கிடைக்காத சில பரிசோதனைகள். எஸ்.ஜி.ஏ. குழந்தையின் உடலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. முதல் ஓரிரு நாள்களில் ரத்தச் சர்க்கரை இறங்கினால் மூளைக்கு ஆபத்து. அதனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்குவதும் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதும் நடந்தாக வேண்டும். எடையோடு நீளத்தையும் தலைச்சுற்றளவையும் எழுத வேண்டும். தலை ஓரளவு சரியாக இருந்து உடல் மட்டும் மெலிந்திருந்தால், கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி கைவிட்டிருக்கலாம். தலையும் சேர்ந்து சிறுத்திருந்தால் தொற்றையும் மரபணுவையும் சந்தேகிக்க வேண்டும். சைட்டோமெகலோ வைரஸ் தாய் வயிற்றிலேயே தொற்றியதா என்று அறிய, பிறந்த மூன்று வாரத்துக்குள் குழந்தையின் சிறுநீரையோ உமிழ்நீரையோ சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகு வைரஸ் தென்பட்டாலும், அது வயிற்றில் வந்ததா வெளியே வந்து தொற்றியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிறவியிலேயே வரும் செவித்திறன் குறைபாட்டுக்கு இந்த வைரஸ் ஒரு முக்கியக் காரணம். ஆறாவது மாதத்தில் எவ்வளவு பெரிய நிபுணரிடம் போனாலும் அந்த மூன்று வாரத்தை அவரால் திருப்பித் தர முடியாது.

நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நீதிமன்றம் வரை போன உதாரணம் இருக்கிறது. 1996-ல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29-வது வாரத்தில் 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இவ்வளவு சீக்கிரம் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் கோணலாக வளர்ந்து பார்வையைப் பறிக்கக்கூடும். முப்பது நாளுக்குள் கண் மருத்துவர் பார்த்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அந்தக் குழந்தைக்கு அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்றும் பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இது எஸ்.ஜி.ஏ. வழக்கு அல்ல, குறைமாத வழக்கு. ஆனால் பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான். சென்னையில் கண் நிபுணர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. இன்ன தேதிக்குள் இன்னாரிடம் காட்டுங்கள் என்ற ஒரு வரிதான் சீட்டில் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு தொடங்குவதுதான் நீண்ட வேலை. எடை பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். நீளம் அளப்பதில்தான் கோளாறு. குழந்தையைக் கட்டிலில் கிடத்தி, தையல்காரர் டேப்பை உச்சந்தலையிலிருந்து பாதம் வரை இழுத்தால் ஒவ்வொரு முறையும் ஓர் எண் வரும். அதற்கென்று இன்ஃபன்டோமீட்டர் என்ற பலகை இருக்கிறது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழந்தையின் தலையைப் பிடித்து, உச்சி பலகையின் நிலையான முனையைத் தொடும்படி, பார்வை நேரே மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்திக் காலை நீட்டி, நகரும் பலகையைப் பாதம் தட்டையாகப் படியும்வரை கொண்டுவர வேண்டும். குழந்தை வீறிட்டு அழும், கால் மடங்கும், விட்டுப்பிடித்து மறுபடி அளக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தவறினால், வளராத குழந்தை வளர்ந்ததாகத் தெரியும், வளர்ந்த குழந்தை நின்றுவிட்டதாகத் தெரியும். ஒரு நல்ல குழந்தை மருத்துவரை அடையாளம் காண நான் சொல்லும் முதல் சோதனை இதுதான்: அவருடைய கிளினிக்கில் இந்தப் பலகை இருக்கிறதா, அளந்ததைப் படிவத்தில் எழுதுவதோடு நிறுத்தாமல் வளைகோட்டில் புள்ளியாக வைக்கிறாரா? சுவரில் தொங்கும் பட்டங்களைவிட அந்தப் புள்ளிகளை நான் நம்புவேன்.

"பெரும்பாலான குழந்தைகள் தானாகவே தேறிவிடுகின்றன, பிறகு எதற்கு இவ்வளவு அலட்டல்?" என்று கேட்கலாம். கேட்பதில் உண்மை உண்டு. எஸ்.ஜி.ஏ. குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் இரண்டு வயதுக்குள் நீளத்தில் எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். அதிலும் பெரும்பகுதி முதல் வருஷத்திலேயே நடந்துவிடுகிறது. ஆனால் இந்தக் கணக்கு பெரும்பாலும் சுவீடன் போன்ற வளமான நாடுகளின் பதிவுகளிலிருந்து வந்தது. அடிக்கடி வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் உள்ள சூழலில் அதே வேகத்தை அப்படியே எதிர்பார்க்க முடியாது. அதைவிட முக்கியமாக, அந்தப் பத்தாவது குழந்தை யார் என்பது பிறந்த அன்று யாருக்கும் தெரியாது. அளந்துகொண்டே வந்தால்தான் தெரியும்.

அளப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எடை குறைந்த பிள்ளை என்றதும் வீடே சேர்ந்து அதைக் குண்டாக்கப் பார்க்கிறது. டப்பா பால், சர்க்கரை போட்ட சத்துமாவு, நெய், விளம்பரத்தில் வரும் பானம் எல்லாம் வரிசையாக வரும். புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் 1993 முதல் ஆறு கிராமங்களில் நடத்திய ஆய்வில், அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோதான், ஒப்பிட்டுப் பார்த்த இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. ஆனால் புனேக் குழந்தைகளுக்குத் தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறைந்திருக்கவில்லை. டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு அடுத்த கட்டத்தைக் காட்டியது. முப்பது வயதையொட்டி நீரிழிவோ அதற்கு முந்தைய நிலையோ வந்தவர்கள், இரண்டு வயது வரை மெலிந்திருந்து, அதன் பிறகு வேகமாகச் சதை போட்டவர்கள். ஆக, எடைக்கோடு ஏறுவது மட்டும் நல்ல செய்தி ஆகாது. நீளம் கூடவே ஏறுகிறதா என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். பாட்டி ஊட்டும் நெய்யைக் குறைக்கச் சொல்லும் தைரியமும் அவருக்கு வேண்டும்.

"எங்க வம்சமே சின்ன உருவம்தான்" என்பது அடுத்த பதில். அப்பா அம்மா உயரம் கணக்கில் வரத்தான் வேண்டும். இயல்பிலேயே சிறிய, ஆரோக்கியமான குழந்தைகள் உண்டு. அப்படிப்பட்ட குழந்தையின் கோடு கீழே இருந்தாலும் மற்றக் கோடுகளுக்கு இணையாக ஓடும். இன்னும் கீழே சரியாது. எட்டு நாடுகளில் நடந்து 2014-ல் வெளியான இன்டர்குரோத் ஆய்வில் நம் நாக்பூரும் ஓர் இடம். நல்ல ஊட்டமும் ஆரோக்கியமும் உள்ள தாய்மாரை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, எட்டு இடங்களிலும் கருவின் வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. நம் ஊர்ப் பெண்களின் உயரக் குறைவில் ஒரு பகுதி, அவர்களுடைய குழந்தைப் பருவத்தில் தட்டில் விழாமல் போன சோறும் பருப்பும்தான். அதை வம்சம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

நியாயமான எதிர்ப்பு இன்னொன்று. "எதற்கு நடுவில் ஒருவர்? நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாமே." பாலை மறுக்கும், அடிக்கடி சர்க்கரை இறங்கும், முக அமைப்பிலோ இதயத்திலோ மாறுபாடு தெரியும் குழந்தைக்கு நானும் அதையேதான் சொல்வேன், ஒரு நாளும் தாமதிக்காமல். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் மரபியல் மருத்துவரும் குழந்தை மேம்பாட்டு மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. ஆனால், குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி நிபுணர்கள் இந்தியாவில் மிகச் சிலரே, இருப்பவர்களும் பெருநகரங்களில்தான். ராமநாதபுரத்திலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ ஒரு தாய் கைக்குழந்தையோடு ராத்திரி பஸ் பிடித்து வந்து, பத்து நிமிடம் காட்டிவிட்டுத் திரும்புகிறாள். கையில் அளவுகள் இல்லை என்றால் அந்த நிபுணர் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஆறு மாதம் அளந்துகொண்டு வாருங்கள். ஊரில் இருக்கும் மருத்துவரின் பதிவு கையில் இருந்தால், அந்த ஒரே பயணத்தில் முடிவு கிடைக்கலாம்.

உலகின் ஏழை, நடுத்தர நாடுகளில் 2012-ல் சுமார் 2 கோடியே 33 லட்சம் குழந்தைகள் எஸ்.ஜி.ஏ.யாகப் பிறந்தன என்பது ஒரு மதிப்பீடு; தெற்காசியாவில் மூன்றில் ஒரு குழந்தை. இத்தனை பேருக்கும் நிபுணர் கிடைப்பது நடக்காத காரியம், தேவையும் இல்லை. அதனாலேயே சல்லடை கீழிருந்து தொடங்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வருகிறார். தாய் சேய் நல அட்டையில் வளைகோடு அச்சாகியிருக்கிறது. போஷன் அபியானில் அங்கன்வாடிகளுக்கு இன்ஃபன்டோமீட்டர் கொடுக்கத் திட்டமுண்டு. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. கண், காது, வளர்ச்சித் தாமதம் எல்லாம் அங்கே கட்டணமின்றிப் பார்க்கலாம். பல பெற்றோருக்கு அப்படி ஒரு மையம் இருப்பதே தெரியாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள். கருவிகளும் ஆட்களும் இருந்தும் பிரசவ வார்டையும் அந்த மையத்தையும் இணைக்கும் ஒரு வரி எழுதப்படாமல் இருப்பதை நான் நிர்வாகக் குறை என்றே சொல்வேன். எஸ்.ஜி.ஏ. என்று குறித்த ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சீட்டிலும் வாரம், எடை, நீளம், தலைச்சுற்றளவு, அடுத்து காட்ட வேண்டிய இடம், தேதி ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும் என்று அரசு ஆணையிடலாம். இதற்குப் புதிதாகக் கட்டடம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

இரண்டு வயதாகியும் எட்டிப்பிடிக்காத அந்தப் பத்தாவது குழந்தைக்குத்தான் நாளமில்லாச் சுரப்பி நிபுணர் தேவை. இத்தகைய குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட அமெரிக்கா 2001-லும் ஐரோப்பா 2003-லும் அனுமதி அளித்தன. அமெரிக்காவில் இரண்டு வயதிலிருந்து, ஐரோப்பாவில் நான்கு வயதிலிருந்து. தினமும் ஓர் ஊசி, பல வருஷம், மாதம் பல ஆயிரம் ரூபாய். எல்லோருக்கும் தேவைப்படாத, யோசித்து எடுக்க வேண்டிய முடிவு இது. சில்வர்–ரஸல் என்ற அபூர்வ நிலை இருக்கிறதா என்றும் அவர் பார்ப்பார். 1953-லும் 1954-லும் இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்த இந்த நிலையில் உடல் சிறுத்தும் தலை ஒப்பீட்டளவில் பெரிதாகவும் இருக்கும். நெற்றி முன்னே தள்ளியிருக்கும். கை கால் இரு பக்கமும் சமமாக இராது. குழந்தை சாப்பிடவே மறுக்கும். "ஊட்டத் தெரியலை" என்று வருஷக்கணக்கில் ஏச்சு வாங்கிய தாய்க்கு, குறை அவள் கையில் இல்லை என்பது அப்போதுதான் தெரியவருகிறது. இதைக் கண்டறியும் ஆறு அடையாளங்களில் மூன்று, பிறந்தபோது இருந்த அளவு, பிறந்தபோது தலைக்கும் உடலுக்கும் இருந்த விகிதம், இரண்டு வயதையொட்டிய வளர்ச்சி ஆகியவற்றைப் பற்றியவை.